அரசுப் பள்ளி ஆசிரியர் எம்.எல்.ஏ. தேர்தலில் நிற்க: ராஜினாமாவா, வி.ஆர்.எஸ்.ஸா?

கரும்பலகை (கேள்வி கேட்டவர்; மற்ற தலைப்புகள் பதில் சொல்பவர்களின் புனைபெயர்கள்)

வணக்கம். தமிழ்நாட்டில் ஒரு கிராமத்து ஊராட்சி ஒன்றிய நடுநிலைப் பள்ளியின் தலைமையாசிரியர் என்று வைத்துக்கொள்ளுங்கள். வயது 51. 1999-ல் பணியில் சேர்ந்தவர் என்பதால் பழைய ஓய்வூதியத் திட்டம். சட்டமன்றத் தேர்தலில் அவர் நிற்கவேண்டும் என்று ஊரில் பேச்சு. கட்சி சீட் கிடைக்கலாம், கடைசி நேரத்தில் கைவிட்டும் போகலாம். அப்படியானால் சுயேச்சை.

தெரியவேண்டியவை: சம்பளமில்லா விடுப்பு போட்டுவிட்டு நிற்க முடியுமா? இல்லையென்றால் ராஜினாமா நல்லதா, விருப்ப ஓய்வு (வி.ஆர்.எஸ்.) நல்லதா? எந்தத் தேதிக்குள் முடிக்கவேண்டும்? வேட்புமனு எங்கெங்கே அடிபடும்? கேரளத்தில் வாத்தியார் வேலையில் இருந்துகொண்டே எம்.எல்.ஏ. ஆனவர்கள் உண்டு என்கிறார்களே, அது எப்படி? கடைசியாக, ஜெயித்து உள்ளே போனால் பள்ளிக்கூடம் தெரிந்த ஒருவரால் சபையில் உருப்படியாக என்ன செய்ய முடியும்?

தாலுகா ஆபீஸ்

முதல் கேள்விக்கு ஒரே வார்த்தை: முடியாது. விடுப்பில் இருந்தாலும் பதவி அவர் பெயரில்தான் இருக்கிறது. அரசியலமைப்பின் 191(1)(அ) பிரிவு, அரசின் கீழ் ஆதாயம் தரும் பதவி வகிப்பவர் சட்டமன்ற உறுப்பினராகத் தேர்ந்தெடுக்கப்படவோ, உறுப்பினராக இருக்கவோ தகுதியற்றவர் என்கிறது. சம்பளம் வாங்கினாரா இல்லையா என்று அங்கே யாரும் பார்ப்பதில்லை, பதவி இருக்கிறதா என்றுதான் பார்ப்பார்கள். இது போக நடத்தை விதிகள் தனி. அரசு ஊழியர் கட்சியில் உறுப்பினராகக்கூட இருக்கக்கூடாது. பணியில் இருக்கும்போதே துண்டு போட்டுக்கொண்டு மேடையேறினால் வேட்புமனுவுக்கு முன்னால் விளக்கம் கேட்டுக் குறிப்பாணை (மெமோ) வந்துவிடும்.

தேதி விஷயத்தில்தான் பெரும்பாலோர் சறுக்குகிறார்கள். மனு தாக்கல் செய்யும் நாள் அல்ல, மனு பரிசீலனைக்குக் குறித்த நாளில் தகுதி இருக்கிறதா என்பதுதான் மக்கள் பிரதிநிதித்துவச் சட்டம் 36-ஆம் பிரிவின் கணக்கு. அன்று காலை அவர் அரசு ஊழியராக இருக்கக்கூடாது. ராஜினாமாக் கடிதம் கொடுத்ததற்கான ஒப்புகைச் சீட்டு எதற்கும் உதவாது. நியமன அதிகாரி ஏற்று ஆணை போட்டு, பணியிலிருந்து விடுவித்திருக்க வேண்டும். அந்த இரண்டு தாளும் கையில் இருக்கட்டும்.

2021 அட்டவணையை எடுத்துப் பாருங்கள். தேர்தல் தேதி அறிவிப்பு பிப்ரவரி 26. மனு தாக்கலைத் தொடங்கி வைக்கும் முறையான அறிவிக்கை மார்ச் 12, தாக்கலுக்குக் கடைசி நாள் மார்ச் 19, பரிசீலனை மார்ச் 20, வாபஸ் மார்ச் 22, வாக்குப்பதிவு ஏப்ரல் 6. அறிவிப்புக்கும் பரிசீலனைக்கும் நடுவில் 22 நாள்தான். "தேதி அறிவிக்கட்டும், அப்புறம் எழுதிக் கொடுக்கலாம்" என்று இருந்தால், ஒன்றியத்திலிருந்து மாவட்ட அலுவலகம் போய்க் கோப்பு திரும்புவதற்குள் பரிசீலனை முடிந்திருக்கும். அந்த நேரத்தில் அலுவலகம் முழுக்கத் தேர்தல் வேலையில் வேறு கிடக்கும்.

கடிதம் கொடுத்தால் உடனே ஏற்றுத்தான் ஆகவேண்டும் என்று நினைப்பவர்களுக்கு ஒரு உதாரணம். மத்தியப் பிரதேசத்தில் துணை ஆட்சியராக இருந்த நிஷா பாங்ரே, 2023 தேர்தலில் ஆம்லா தொகுதியில் நிற்பதற்காக ஜூன் மாதமே ராஜினாமா கொடுத்தார். வழக்கு, நீதிமன்றம் என்று அலைந்து அக்டோபர் கடைசியில்தான் ஏற்பு ஆணை வந்தது. அதற்குள் காங்கிரஸ் வேறொருவரை வேட்பாளராக அறிவித்துவிட்டது.

பென்ஷன் கணக்கு

ராஜினாமா என்ற வார்த்தையையே அந்தத் தலைமையாசிரியர் எழுதக்கூடாது. தமிழ்நாடு ஓய்வூதிய விதிகள், 1978-ன்படி ராஜினாமா செய்தால் அதுவரை பார்த்த பணிக்காலம் முழுவதும் போய்விடும். ஓய்வூதியமும் இல்லை, பணிக்கொடையும் இல்லை. இருபத்தைந்து வருஷத்துக்கு மேல் பார்த்த வேலை ஒரு பக்கக் கடிதத்தில் கரைந்துவிடும். தோற்றுப்போனால் பள்ளியும் இல்லை, பென்ஷனும் இல்லை.

அவருக்கு இருப்பது அடிப்படை விதி 56(3). 50 வயது நிறைந்தவர், அல்லது 20 ஆண்டு தகுதிப் பணி முடித்தவர், மூன்று மாத முன்னறிவிப்புக் கொடுத்து விருப்ப ஓய்வு பெறலாம். இவருக்கு இரண்டுமே பொருந்துகிறது. மேலே தாலுகா ஆபீஸ் கொடுத்த 2021 கணக்கை வைத்தே பார்த்தால், மார்ச் 20 பரிசீலனைக்கு டிசம்பர் 20-க்கு முன்பே முன்னறிவிப்புப் போயிருக்க வேண்டும். அது விளிம்பு. நடைமுறையில் அக்டோபர், நவம்பரிலேயே கொடுத்துவிடுவதுதான் புத்தி. சீட் கிடைக்குமா என்று தெரியாத காலத்திலேயே முடிவெடுக்க வேண்டியிருக்கும் என்பதுதான் இதில் இருக்கும் சூதாட்டம். அதைத் தவிர்க்க வழியில்லை.

கோப்பு எங்கே நிற்கும் தெரியுமா? நிலுவையில் 17(பி) குற்றச்சாட்டுக் குறிப்பாணை (பெரிய தண்டனைக்கான ஒழுங்கு நடவடிக்கை) இருந்தால் அங்கேயே நிற்கும். தணிக்கைத் தடை, வீடு கட்டும் முன்பணம், பள்ளிக் கணக்கு ஒப்படைப்பு, விலையில்லாப் பொருள்கள் இருப்புப் பதிவேடு எல்லாம் அடுத்த வரிசை. தலைமையாசிரியர் என்பதால் பொறுப்பு ஒப்படைப்புப் பட்டியல் நீளமாகத்தான் இருக்கும். பணிப்பதிவேட்டில் பணி சரிபார்ப்புப் பதிவுகள் விடுபட்டிருந்தால் அவற்றை முன்னறிவிப்புக் கொடுப்பதற்கு முன்பே போட வைக்கவேண்டும், பின்னால் அல்ல.

1.4.2003 முதல் சேர்ந்தவர்களுக்கு இந்தக் கணக்கு அப்படியே பொருந்தாது. அவர்கள் பங்களிப்பு ஓய்வூதியத் திட்டத்தில் சேர்க்கப்பட்டவர்கள், இழப்பின் வடிவமே வேறு. அது தனி இழையில் பேசவேண்டிய விஷயம்.

ஏற்கெனவே ஓய்வு பெற்றுவிட்ட ஆசிரியருக்கு இந்தச் சிக்கல் எதுவும் இல்லை. ஓய்வூதியம் வாங்குவது பதவி வகிப்பது ஆகாது. ஓய்வுக்கும் தேர்தலுக்கும் நடுவில் இத்தனை வருஷம் காத்திருக்கவேண்டும் என்ற விதியும் கிடையாது.

படிவம் 26

மனு அடிபடும் இடங்களைச் சொல்கிறேன். வரிசையாக எல்லாம் எழுதினால் கையேடு ஆகிவிடும். ஆசிரியர்கள் குறிப்பாக மாட்டிக்கொள்ளும் இடங்களை மட்டும்.

முன்மொழிபவர்கள். அங்கீகரிக்கப்பட்ட கட்சி வேட்பாளருக்கு ஒருவர் போதும். சுயேச்சைக்கும் அங்கீகாரம் இல்லாத கட்சிக்கும் பத்துப் பேர், பத்துப் பேரும் அதே தொகுதியின் வாக்காளர்கள். இங்கே ஆசிரியர் செய்யும் இயல்பான தவறு, கூட வேலை பார்த்தவர்களிடம் கையெழுத்து வாங்குவது. பணியில் இருக்கும் ஆசிரியர் முன்மொழிந்தால் அவர் நடத்தை விதியில் மாட்டுவார். அதே ஆட்களைப் பூத் ஏஜென்டாகவோ எண்ணிக்கை ஏஜென்டாகவோ உட்கார வைத்தால் இன்னும் மோசம். அரசு ஊழியர் தேர்தல் முகவராகவோ, வாக்குச்சாவடி முகவராகவோ, எண்ணிக்கை முகவராகவோ இருப்பது மக்கள் பிரதிநிதித்துவச் சட்டம் 134ஏ பிரிவின்படி மூன்று மாதம் வரை சிறைத் தண்டனைக்குரிய குற்றம். பழைய மாணவர்கள், பெற்றோர்கள் இருக்கிறார்கள் அல்லவா, அவர்களிடம் போங்கள்.

சீட் உறுதியாகவில்லை என்றால் இரண்டு விதமாகவும் மனு தயார் செய்யுங்கள். ஒருவர் ஒரு தொகுதிக்கு நான்கு மனு வரை தாக்கல் செய்யலாம், டெபாசிட் ஒரு தடவை கட்டினால் போதும். ஒரு மனுவில் கட்சி பெயரும் ஒரு முன்மொழிபவரும், இன்னொன்றில் சுயேச்சையாகப் பத்துப் பேர். இவர்தான் எங்கள் வேட்பாளர் என்று கட்சி தரும் படிவம் ஏ, படிவம் பி தாக்கலின் கடைசி நாள் பிற்பகல் 3 மணிக்குள் வந்து சேராவிட்டால் முதல் மனு விழும், இரண்டாவது நிற்கும். பத்துப் பேருக்குப் பதில் பதினொருவர், பன்னிருவர் கையெழுத்து வாங்குபவர்களும் உண்டு, ஒருவருடைய வாக்காளர் பட்டியல் பாகம் எண் தப்பாகப் போனால் காப்பாற்ற.

டெபாசிட் 10,000 ரூபாய், பட்டியல் சாதி, பழங்குடியினருக்கு 5,000. செல்லுபடியான வாக்குகளில் ஆறில் ஒரு பங்குக்கு மேல் வாங்கினால்தான் திரும்பும். 1,80,000 செல்லுபடி வாக்கு என்றால் சரியாக 30,000 போதாது, அதைத் தாண்டவேண்டும். நோட்டா இந்தக் கூட்டலில் சேராது.

வேட்பாளர் வேறு தொகுதியின் வாக்காளராக இருந்தால் பரவாயில்லை, அதே மாநிலத்தின் ஏதாவது ஒரு தொகுதியில் பெயர் இருக்கவேண்டும். ஆனால் அந்தப் பட்டியலின் சான்றிட்ட நகலைக் காட்டவேண்டும். மாறுதலில் ஊர் ஊராகப் போன ஆசிரியர்களுக்குப் பெயர் பழைய பள்ளி இருந்த ஊரிலேயே கிடக்கும். இதை ஆறு மாதம் முன்பே பார்த்துவிடுங்கள்.

உறுதிமொழி எடுப்பது. மனுவைக் கொடுத்த கையோடு தேர்தல் நடத்தும் அலுவலர் முன் நேரில் உறுதிமொழி எடுத்துக் கையெழுத்திட வேண்டும். மனு கொடுத்த பின்னும் பரிசீலனை நாள் பிறப்பதற்கு முன்னும் எடுக்கவேண்டும். பரிசீலனை நாளன்று காலையில் போய் எடுத்தால் செல்லாது. பத்து நிமிஷ வேலை, ஆனால் கூட்டத்தில் மறந்துபோய் மனு தள்ளுபடியானவர்கள் ஒவ்வொரு தேர்தலிலும் உண்டு.

இனி என் பெயரிலேயே இருக்கும் படிவம் 26, அதாவது சொத்து, வழக்கு விவரங்களைச் சொல்லும் பிரமாணப் பத்திரம். பிரமாணப் பத்திரத்தில் ஒரு கட்டமும் காலியாக இருக்கக்கூடாது. சொத்து இல்லையா, "இல்லை" என்று எழுதுங்கள். பொருந்தவில்லையா, "பொருந்தாது". கோடு இழுக்காதீர்கள். உச்ச நீதிமன்றம் 2013-லேயே தெளிவாகச் சொல்லிவிட்டது: காலியாக விட்டதை நிரப்பச் சொல்லி அலுவலர் நினைவூட்டியும் நிரப்பாவிட்டால் மனுவைத் தள்ளலாம். தன்னுடைய, துணைவருடைய, சார்ந்திருப்போருடைய பான் எண், கடைசி ஐந்து ஆண்டு வருமான வரிக் கணக்கில் காட்டிய வருமானம் எல்லாம் கேட்கும். மனைவியும் ஆசிரியர் என்றால் அவருடைய சேமநலநிதி, நகை, கூட்டுறவுச் சங்கக் கடன் வரை வரவேண்டும்.

குற்ற வழக்குக் கட்டம் ஆசிரியர்களுக்குப் பெரிய பள்ளம். 2019 ஜனவரி ஜாக்டோ-ஜியோ (ஆசிரியர், அரசு ஊழியர் சங்கங்களின் கூட்டமைப்பு) வேலைநிறுத்தம் போன்ற சமயங்களில் மறியலில் கைதாகி மாலையில் விட்டுவிட்டார்கள் என்றால், வழக்கே இல்லை என்று பலர் நினைத்துக்கொள்கிறார்கள். முதல் தகவல் அறிக்கை பதிவாகியிருக்கலாம், முடிக்கப்படாமலே இருக்கலாம். காவல் நிலையத்தில் எழுத்துமூலம் கேட்டு, எண், பிரிவு, நிலை எல்லாம் வாங்கி எழுதுங்கள். நிலுவை வழக்கு உள்ளவர் அதைச் செய்தித்தாளிலும் தொலைக்காட்சியிலும் மூன்று முறை விளம்பரம் செய்யவும் வேண்டும், அந்தச் செலவும் தேர்தல் செலவுக் கணக்கில் ஏறும்.

கேள்வி நேரம்

கேரள விஷயம். அங்கே அரசு உதவிபெறும் பள்ளிகள் மிக அதிகம். நியமிப்பது நிர்வாகம், சம்பளம் கொடுப்பது அரசு. 1951-ஆம் ஆண்டுத் தகுதியின்மை நீக்கச் சட்டத்தில் அந்த ஆசிரியர்களுக்கு விலக்கு இருந்தது. அதனால்தான் வேலையை விடாமல் தேர்தலில் நின்றார்கள். கே.கே. சைலஜா நல்ல உதாரணம். கண்ணூர் மாவட்டம் சிவபுரம் உயர்நிலைப் பள்ளியில் அறிவியல் ஆசிரியை, 1996-ல் கூத்துப்பரம்பில் ஜெயித்தார், 2004-ல்தான் பள்ளி வேலையை விட்டு முழுநேர அரசியலுக்கு வந்தார். "டீச்சர்" என்ற பெயர் மந்திரியான பின்னும் ஒட்டிக்கொண்டே இருந்தது. 2021-ல் மட்டன்னூரில் 60,963 வாக்கு வித்தியாசம்.

ஆனால் அந்தக் கதவு மூடிவிட்டது. 2021 பிப்ரவரியில் கேரள உயர் நீதிமன்றம் அந்த விலக்கை ரத்து செய்தது. ஆகவே கேரளத்தைக் காட்டி இங்கே யாரும் வாதாடவேண்டாம்.

பழைய தமிழ்நாட்டில் ஆசிரியர்களுக்கு வேறொரு வாசல் இருந்தது: சட்ட மேலவை. அரசியலமைப்பின் 171-ஆம் பிரிவுப்படி மேலவையில் பன்னிரண்டில் ஒரு பங்கு உறுப்பினர்களை, உயர்நிலைப் பள்ளிக்குக் குறையாத நிறுவனங்களில் மூன்றாண்டு கற்பித்தவர்கள் தேர்ந்தெடுப்பார்கள். இங்கே 1.11.1986-ல் மேலவை போனதோடு அதுவும் போனது. கர்நாடகத்தில் இன்னும் இருக்கிறது. உடற்கல்வி ஆசிரியராக இருந்த பசவராஜ் ஹொரட்டி 1980-ல் தொடங்கி மேற்கு ஆசிரியர் தொகுதியிலிருந்து எட்டு முறை ஜெயித்திருக்கிறார். கவனிக்க, தொடக்க, நடுநிலைப் பள்ளி ஆசிரியருக்கு அந்தத் தொகுதியில் ஓட்டே கிடையாது. கேள்வியில் உள்ள தலைமையாசிரியர் கர்நாடகத்தில் இருந்தாலும் அங்கே அவருக்கு ஓட்டு இருந்திருக்காது.

நம் ஊர்க் கணக்கில் செய்யாறு புலவர் கா. கோவிந்தனைச் சொல்லவேண்டும். தமிழாசிரியராக இருந்து வந்தவர், 1969–71, 1973–77 இரண்டு தடவை சபாநாயகர்.

இனி சபைக்குள் என்ன செய்யலாம். பலர் முதலில் கேட்பது தொகுதி மேம்பாட்டு நிதி. தமிழ்நாட்டில் ஆண்டுக்கு 3 கோடி ரூபாய். வகுப்பறை, கழிப்பறை, சுற்றுச்சுவர், குடிநீர்த் தொட்டி கட்டலாம். மதிப்பீடு போட்டு, ஆட்சியர் நிர்வாக அனுமதி கொடுத்து, ஊரகப் பகுதி என்றால் ஊராட்சி ஒன்றியம் வழியாக வேலை நடக்கும். உறுப்பினர் பரிந்துரைக்கலாம், காசோலையில் கையெழுத்துப் போட முடியாது. அதைவிட முக்கியம், இந்த நிதியில் ஆசிரியர் சம்பளம் கொடுக்க முடியாது. ஒரு தொடக்கப் பள்ளியில் ஆள் இல்லாததுதான் பிரச்சினை என்றால் 3 கோடியும் அதற்குப் பைசாப் பிரயோஜனம் இல்லை.

ஆள் வேண்டுமென்றால் பணியாளர் நிர்ணயத்தைப் பிடிக்கவேண்டும். ஆகஸ்ட் 1 நிலவரப்படி மாணவர் எண்ணிக்கையை வைத்து ஆசிரியர் பணியிடம் கணக்கிடுகிறார்கள். கல்வி உரிமைச் சட்ட அட்டவணைப்படி தொடக்கப் பள்ளியில் 60 பிள்ளைகள் வரை 2 ஆசிரியர், 61 முதல் 90 வரை 3. ஐந்து வகுப்புக்கு இரண்டு ஆசிரியர் என்பது விதிமீறல் அல்ல, விதியே அதுதான். இது தெரியாத உறுப்பினர் "ஆசிரியர் பற்றாக்குறை" என்று பொதுவாகப் பேசுவார், அமைச்சர் "விதிப்படி இருக்கிறது" என்று உட்கார்ந்துவிடுவார். வகுப்பறையிலிருந்து வந்தவர் கேள்வியை வேறுவிதமாக வைப்பார்: இந்த ஒன்றியத்தில் அனுமதிக்கப்பட்ட பணியிடம் எத்தனை, நிரப்பியது எத்தனை, அதில் மாற்றுப்பணியில் வேறு இடத்துக்குப் போனவர் எத்தனை, தலைமையாசிரியர் பொறுப்பை இடைநிலை ஆசிரியர் கூடுதலாகப் பார்க்கும் பள்ளி எத்தனை? இதற்கு எண் சொல்லித்தான் ஆகவேண்டும்.

பட்ஜெட்டில் துறைவாரியாகப் பணம் கேட்டு வரும் மானியக் கோரிக்கைகளில் பள்ளிக் கல்விக்கு எண் 43. அதன் விவாதத்துக்கு வரும் கொள்கை விளக்கக் குறிப்பை வரிக்கு வரி படித்துவிட்டு, போன வருஷத்துக் குறிப்பையும் பக்கத்தில் வைத்துப் பார்ப்பவர்கள் குறைவு. போன வருஷம் அறிவித்தது இந்த வருஷம் எந்தப் பக்கத்திலும் இல்லாமல் போயிருக்கும், அதைக் கண்டுபிடிப்பது வருகைப் பதிவேடு சரிபார்க்கிற வேலைதான். கேட்ட தொகையில் 100 ரூபாயைக் குறைக்கக் கோரும் வெட்டுத் தீர்மானம் கொடுத்துக் குறிப்பிட்ட ஒரு குறையைப் பதிவு செய்யலாம். அமைச்சர் "ஆவன செய்யப்படும்" என்று சபையில் சொன்னால் அது காற்றோடு போகாது, அரசு உறுதிமொழிக் குழுவின் பட்டியலில் ஏறும். அந்தக் குழுவில் இடம் கிடைத்தால் வேண்டாம் என்று சொல்லாதீர்கள். வெளியே விளம்பரம் இருக்காது, வேலை நடக்கும்.

சுயேச்சையாக ஜெயித்தால் ஒரு எச்சரிக்கை. பிறகு ஏதாவது கட்சியில் சேர்ந்தால் அரசியலமைப்பின் பத்தாவது அட்டவணைப்படி (கட்சித் தாவல் தடை) பதவி போகும். வெளியிலிருந்து ஆதரவு கொடுக்கலாம், உறுப்பினர் அட்டை வாங்கக்கூடாது.

கரும்பலகை

மிக்க நன்றி. இரண்டு சின்னச் சந்தேகம். தேர்தல் செலவுக் கணக்கு எப்படி வைக்கவேண்டும்? மனைவி பணியில் தொடரலாமா?

படிவம் 26

மனைவி தாராளமாகப் பணியில் தொடரலாம். பிரச்சார வண்டியில் ஏறக்கூடாது, துண்டறிக்கை கொடுக்கக்கூடாது. தேர்தல் பணி ஆணை வந்தால் கணவர் வேட்பாளர் என்பதை எழுத்தில் தெரிவித்துவிடட்டும்.

செலவு உச்சவரம்பு தமிழ்நாட்டில் 40 லட்சம், 2022 ஜனவரியிலிருந்து. மனு தாக்கலுக்குக் குறைந்தது ஒரு நாள் முன்னால் தேர்தலுக்கென்று தனி வங்கிக் கணக்கு திறக்கவேண்டும், சம்பளக் கணக்கைப் பயன்படுத்தாதீர்கள். ஒருவருக்கோ ஒரு கடைக்கோ மொத்தம் 10,000 ரூபாய்க்கு மேல் ரொக்கமாகக் கொடுக்கக்கூடாது. அலுவலர் கொடுக்கும் பதிவேட்டில் வெள்ளைப் பக்கம் அன்றாடச் செலவுக்கு, இளஞ்சிவப்பு ரொக்கத்துக்கு, மஞ்சள் வங்கிக்கு. பிரச்சார காலத்தில் மூன்று முறை தேர்தல் செலவுப் பார்வையாளரிடம் காட்டவேண்டும். முடிவு வந்த 30 நாளுக்குள் மாவட்டத் தேர்தல் அலுவலரிடம் கணக்கு ஒப்படைக்கவேண்டும், தோற்றவரும்தான். தோற்ற சோர்வில் இதை விட்டுவிட்டால் மூன்றாண்டு தகுதிநீக்கம் வரலாம்.

தாலுகா ஆபீஸ்

ஒன்று விட்டுப்போனது. கடந்த பத்து வருஷத்தில் அரசுக் குடியிருப்பில் இருந்திருந்தால் வாடகை, மின்சாரம், தண்ணீர், தொலைபேசி நிலுவை இல்லை என்ற சான்று மனுவோடு வேண்டும். அரசு அலுவலர் வாடகைக் குடியிருப்பில் எட்டு வருஷம் முன்னால் இரண்டு வருஷம் இருந்தாலும் இதே கதைதான். பழைய கோப்பைத் தேடி எடுத்துச் சான்று தருவதற்கு அந்த அலுவலகத்துக்கு வாரங்கள் ஆகும். விருப்ப ஓய்வு முன்னறிவிப்புக் கொடுக்கும் அன்றைக்கே இதற்கும் விண்ணப்பத்தைப் போட்டுவிடச் சொல்லுங்கள்.